முன்னால் நடந்தவன்

என் செருப்பை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷன் தரை சில்லென்று இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் குளிர் பாதத்தின் வழியாகத்தான் ஏறுகிறது. கவரில் போட்டு நம்பர் ஒட்டும் அளவுக்கு அது ஒன்றும் பெரிய செருப்பில்லை. கம்பம் கடைவீதியில் வாங்கிய ரப்பர் செருப்பு.

என் பெயர் பிச்சைமணி. காமயகவுண்டன்பட்டியில் அந்தப் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனைவிரட்டி வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். என் தாத்தா காலத்தில் மலையிலிருந்து ஏழு யானைகள் இறங்கி ஊர் வாழையை மிதித்தபோது, எல்லோரும் பின்னால் நிற்க, அவர் ஒற்றைத் தீப்பந்தத்தோடு முன்னால் நடந்து அவற்றை மலையேற்றிவிட்டார். அன்றிலிருந்து சித்திரைத் திருவிழாவில் சாமி முன்னால் கட்டும் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டு மூத்தவருக்கு. தாத்தாவுக்குப் பின் அப்பா. அப்பாவுக்குப் பின் நான்.

சுருளிராஜன் என் தம்பி. அப்பா இறந்தபோது எனக்கு இருபது வயது, அவனுக்கு நாலு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கு அவனை அனுப்பியது நான்தான். எனக்குப் பிள்ளையில்லை. அவனை நான் தம்பியாக வளர்க்கவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவன் என்னிடம் வந்து, "அண்ணே, ஆனை நம்மளத் தேடி வரல. ஓடைத் தண்ணிக்குப் போகுது. நாமதான் நடுவுல உக்காந்திருக்கோம்" என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. மலையோரத்து எல்லையில் கல்கால் நட்டு, சாதாரணக் கம்பி இழுத்து, பத்தடிக்கு ஒன்றாகத் தேனீப் பெட்டியைத் தொங்கவிட்டான். யானை கம்பியில் முட்டினால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும், யானை திரும்பிவிடும். அப்படித் திரும்புகிற யானை ஓடைக்குப் போக வழி வேண்டும் என்று வடக்கு ஓரத்தில் அறுபது சென்ட் நிலத்தைப் பயிர் வைக்காமல் திறந்துவிட்டான். கூட்டுப்பட்டா நிலம். அதற்கான சம்மதத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. படித்துப் பார்க்காமல் போட்டேன். தம்பி நீட்டுகிற தாளைப் படித்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் அவனை அவமதிப்பதாகும். இரண்டு தரம் விளக்கிச் சொன்னதாக அவன் சொல்வான். சொல்லியிருக்கலாம்.

அதன்பின் இரண்டு வருஷம் ஒரு வாழைகூடச் சாயவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விரட்டுவதற்கு யானை வராத ஊரில் ஆனைவிரட்டி வீட்டுக்கு என்ன வேலை? டீக்கடை நாகராஜ் என் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

"என்னங்கய்யா, ஆனைவிரட்டி வீட்டுல இப்ப ஆனைக்கு லாட்ஜு போட்டிருக்காகளாம்ல. வாடகை எம்புட்டு?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர்களோடு தம்பியும் உட்கார்ந்து சிரித்தான்.

அதையும் பொறுத்தேன். போன சித்திரையில், சாமி முன்னால் நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பூசாரி பரிவட்டத்தோடு என்னைக் கடந்து போய்த் தம்பி தலையில் கட்டினார். ஊரைக் காப்பாற்றியவன் அவன்தானாம். கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்கள் கட்ட வந்ததில் எனக்கு வருத்தமில்லை, ஊர் எப்போதும் அப்படித்தான். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். அங்கேதான் எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் என் காலடியில் உட்கார்ந்து, "அவுகளாத்தான் கட்டுனாக அண்ணே. நெறஞ்ச சபையில எப்படித் தட்டுறது?" என்றான். சாப்பிடப் போ என்றேன்.

பன்றிக்காகக் கம்பியில் மின்சாரம் விட்டேன், நிறுத்த மறந்துவிட்டேன் என்று நேற்று எழுதிக் கொடுத்தேன் அல்லவா. அதை அடித்துவிடுங்கள். நீங்கள் அதைக் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் யாரும் கவனக்குறைவாக எதையும் செய்ததில்லை.

முதல் வாழைத்தார் வெட்டுகிற அன்று எங்களுக்கு ஒரு முறை உண்டு. வீட்டின் மூத்தவர் வெறுங்காலோடு முன்னால் நடப்பார். மலையோரத்து எல்லைக்கல்லுக்குச் செம்புத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் தாரில் கத்தி படும். மற்றவர்களும் செருப்பில்லாமல் பின்னால்தான் வரவேண்டும். எல்லைக்கல் இப்போது தம்பியின் கம்பிக்குக் கீழே இருக்கிறது. குனிகிறவன் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் குனிய வேண்டும். அதில் மின்சாரம் கிடையாது என்று ஊருக்கே தெரியும். மெல்லத் தொட்டால் தேனீயும் கலையாது, பிள்ளைகள் அதில் துணி காயப்போடும்.

போன வெள்ளிக்கிழமை காலை மோட்டார் ரூமில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்து, "இந்த வருசம் நீ முன்னால போ" என்றேன்.

அவன் நம்பவில்லை. "நீங்க இருக்கைல நானாண்ணே?" என்றான். கண் கலங்கிவிட்டது. என் காலைத் தொட்டுக் கும்பிட்டவன், நிமிரும்போது சிரித்துக்கொண்டே, "அண்ணே, செருப்பு" என்றான். முள் குத்தியிருக்கிறது, நீ நட என்றேன். தன் செருப்பைக் கழற்றி வரப்போரம் ஒழுங்காக வைத்துவிட்டு நடந்தான். தாத்தாவின் நடை. அதுவரை நான் கவனித்ததில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தண்ணீர் முழுதும் கல்லில் விழவில்லை, பாதி அவன் காலில் விழுந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. தேனீக்கள்கூடக் கலையவில்லை.

பின்னால் வந்த அவன் மனைவி பவுனு ஓடிப்போய் அவனைத் தூக்கப் பார்த்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "தொடாத ஆத்தா, கரண்டு" என்றேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். கரண்டே இல்லாத கம்பியில் கரண்டு என்று பெரியவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாளாம். கெட்டிக்காரி. நான் பார்த்துக் கட்டிவைத்த பெண். அவளைக் காப்பாற்றியதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் நான்கு யானைகள் குட்டியோடு அந்த வடக்கு ஓரமாக ஓடைக்குப் போயின. நான் வரப்பில் நின்று பார்த்தேன். ஒரு வாழையையும் தொடவில்லை, என்னையும் திரும்பிப் பார்க்கவில்லை.

துரோகம் என்றால் என்ன என்று நீங்கள் படித்திருப்பீர்கள். எனக்கு நடந்தது அது. ஆனாலும் எங்கள் பரம்பரையில் யாருமே செய்யாததை நான் செய்தேன். முன்னால் நடக்கிற மரியாதையை மனதாரத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன். கொன்றது நான்தான். அதற்கு முன் கொடுத்ததும் நான்தான்.

சித்திரைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வீட்டில் ஆம்பளை என்று இப்போது நான் ஒருவன்தான், பரிவட்டத்துக்கு ஊர் வேறு யாரைக் கூப்பிடும்? அதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள். செருப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோயிலுக்கு வெறுங்காலோடுதான் போக வேண்டும்.