மானுக்கு விட்ட வழி

உனக்கேனடி அடுத்தவையின்ரை கதை? வெக்கமில்லாதவள். சரி, கிட்ட வா, சொல்லுறன்.

இஞ்சை ஹவுகெட்டோ ஸ்டேசனிலை ரயிலுக்கு நிண்டனான். பக்கத்திலை ஒரு தமிழ்ப் புருசனும் பெண்சாதியும், வேலை முடிஞ்சு களைச்ச முகத்தோடை.

"வீடு வாங்கினது நாங்கள், வழி மானுக்கோ?" எண்டான் அவன்.

"புது வீடுகள் கட்டேக்கையே நகரசபைக்காரர் சொன்னவைதானே, ரெண்டு காட்டுக்கும் இடையிலை அதுகள் போய்வரப் பின்வளவைத் திறந்து விடச்சொல்லி."

"வேலி இல்லாமல் ஒரு வளவே?"

"யாழ்ப்பாணத்தானுக்கு வேலி இல்லாட்டி நித்திரை வராதே! நேற்று நீங்களும் பக்கத்து வீட்டு அண்ணையும் வேலி அடிக்கேக்கை புல்லுக்குள்ளை மான்குட்டி படுத்திருந்திருக்கு. இப்ப அது உள்ளுக்கை, தாய் வெளியிலை. விடியவிடியக் கத்தினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"



"கேட்டது," எண்டான். "போனவுடனை கழட்டுறன்."

ரயில் ஏறினதும் அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, எங்கடை மனுசன் மானோடை எல்லை வழக்குப் பேசித் தோத்துப்போனார். அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, உங்கடை வேலியையும் இண்டைக்கே கழட்டட்டாம்."