ஆளில்லாப் பகுதி

ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் நிதானமாகப் பேசுவேன், ஐயா. வானம் தெரிந்தால் எனக்கு வாய் குழறுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

செயற்கைக்கோளை ஏவிக் கொடுக்கும் தொழிலுக்கு என்ன மதிப்பு, வாடிக்கையாளர் ஏன் நம்மை விட்டுப் போகிறார் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. அவர்கள் விலைக்காகப் போகவில்லை, தாமதத்துக்காகப் போனார்கள். ராக்கெட்டின் கழன்ற அடிப்பகுதி நம் கசாக் புல்வெளியில்தான் விழும். அங்கிருக்கும் குடும்பங்களை ஒவ்வொரு தடவையும் வெளியேற்ற மூன்று நாள் ஆகும்.

ஆளே இல்லை என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். தாமதம் மறைந்து மாதிரி அழகாக வந்தது.

"நெசமாவே அங்க யாரும் இல்லையா?" என்றார் இயக்குநர்.

"நேர்ல பாத்துட்டு எழுதித் தரேன்" என்றேன்.

போனேன். இரண்டு வீடுகள். ஒன்றில் என் தங்கை கூல்ஷாத்தும் அவள் கணவனும் கைக்குழந்தையும். மற்றதில் ஒராஸ்பை, மனைவி, நான்கு பிள்ளைகள். ஒராஸ்பை எனக்காக ஆடு அறுத்து, வெந்த தலையை விருந்தாளிக்கான மரியாதையாக என் முன்னால் வைத்தார். "நகரத்துத் தம்பி, காதை அறுத்துப் புள்ளைங்களுக்குக் குடு. இல்லேன்னா உன் காதைக் கடிச்சிடுங்க" என்றார். அறுத்துக் கொடுத்தேன். கடைசிப் பெண் ஆய்னா இன்னொரு காதும் கேட்டாள்.

மறுநாள் 'நிரந்தரமாக வசிப்போர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். குளிர்காலத்தில் இடம் மாறுகிறவர்கள்தானே. வார்த்தை பொய்யில்லை.

யாரையும் வெளியேற்றாமலே நான்கு ஏவுதல்கள் நல்லபடியாக முடிந்தன. ஒவ்வொன்றிலும், விழுந்த இடம் தெரியும்வரை நான் வீட்டுக்குப் போகமாட்டேன். ஐந்தாவதற்கு முந்தின நாள், அடிப்பகுதி விழப்போகும் இடத்தை வட்டமிட்ட புதிய வரைபடம் வந்தது. வட்டத்தின் நடுவில் அந்த இரண்டு வீடுகள். தங்கைக்குப் போன் போட்டேன்.

"அம்மாவுக்கு முடியல. மூணு பேரும் இன்னைக்கே கிளம்பி வாங்க."

"ஐயோ, என்னண்ணே ஆச்சு? குழந்தைய ஒராஸ்பை அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துடறோம்."

"வேணாம். தூக்கிட்டு வா."

"சரிண்ணே. இந்த ஆய்னா வேற நானும் வருவேன்னு வண்டியில ஏறி உக்காந்துட்டா. கூட்டிட்டு வரவா?"

ஆய்னா மட்டும் பிழைத்தால், எங்கிருந்து வந்தாய் என்று யாராவது கேட்பார்கள்.

"எறக்கி விடு" என்றேன்.

மறுநாள் காலை பதினொரு மணி. வீட்டின் மேல் விழவில்லை, பக்கத்தில்தான் விழுந்தது. மிச்ச எரிபொருள் மஞ்சள் நச்சுப் புகையாகப் பரவியதாம். பிள்ளைகள் என்னவென்று பார்க்க ஓடியிருக்கிறார்கள், அவர்களைத் தூக்கப் பெற்றவர்கள் ஓடியிருக்கிறார்கள். ஆறு பேர்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். கூல்ஷாத் என் முகத்தில் விழிப்பதில்லை. அவளுக்குக் கோபம், ஆறும். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அந்த இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்களே என்று கவலைப்பட்டவன், அத்தனை பெரிய அலுவலகத்தில், நான் ஒருவன்தான்.