கரண்டிமூக்கு உள்ளான்

பறவை பார்க்கப் போகிறவர்கள் முதலில் காலில் போடுவதைத்தான் கவனிக்க வேண்டும், சார். பைனாகுலரெல்லாம் அப்புறம். அன்றைக்குக் காலை அத்தான் போட்டிருந்தது முழங்கால் வரை வரும் புது ரப்பர் பூட்ஸ். நடக்க நடக்கக் கீச்கீச் என்றது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில்தான் நான் இருக்கிறேன். பகலில் சலவைக்கடையில் வேலை; துணிகளில் அடையாளத் துண்டு தைப்பேன். ஒருவர் சட்டை இன்னொருவருக்கு மாறிப் போனதே இல்லை. ஆனாலும் தைத்து முடித்த பிறகு இன்னொரு தடவை பார்ப்பேன். அதற்கப்புறமும் மனம் ஆறாது. இப்போது உங்களிடம் பேசும்போதுகூடச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மாலையில் நூலக மாடியில் பறவை வகுப்பு. என்னைச் சேர்த்துவிட்டதும் அத்தான்தான். அவர் அங்கே பழைய ஆள், எல்லோருக்கும் வேண்டியவர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். நான் வந்தேனா வரவில்லையா என்று யாரும் கேட்டதில்லை.

குளிர் விடுகிற சமயத்தில் கடற்கரைச் சேற்றுத் திட்டில் ஒரு கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தேன். குருவி அளவுதான் இருக்கும். அலகின் நுனி மட்டும் கரண்டிபோலத் தட்டையாக இருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். வகுப்பில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. ஆசிரியை என்னை முன்னால் கூப்பிட்டுப் பலகையில் வரையச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கென்று ஒரு நாற்காலி பிடித்து வைத்தார்கள். "தம்பி, நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார்கள், என்னைவிட மூத்தவர்கள். வெளியூர்ப் பறவைச் சங்கத்திலிருந்தும் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுதான் பாக்கி. இன்னொரு ஆளும் பார்த்துச் சொன்னால்தான் சங்கம் அதை ஏற்றுக்கொள்ளும்.

சாப்பிடும்போது அத்தான் சொன்னார்: "மாப்ளே, அது சாதாரணக் கொசு உள்ளான்டா. சேத்தைக் கிளறுதுல்ல, மூக்கு நுனில ஒரு உருண்டை ஒட்டிக்கும். தூரத்துல பாத்தா கரண்டிதான்."

"அவன் கண்ணுக்கு வேற என்ன தெரியும்? மூணு வேளையும் கரண்டியத்தானே பாக்கறான்" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"நாளைக்கே போய்ப் பாத்துடுவோம்" என்றார் அத்தான். "கரண்டியா இருந்தா நானே சாட்சி. இல்லேன்னா வகுப்புல நானே சொல்லிடறேன். உனக்குக் கூச்சமா இருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதலில் குளங்களுக்குப் போனோம். வசந்த காலம். குளிருக்கு வந்த பறவைகளெல்லாம் வடக்கே கிளம்புகிற நேரம். கிளம்பப் போகிற பறவைக்கு இருப்பே கொள்ளாது, சார். காரணமில்லாமல் கூட்டமாக எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், எழும்பின இடத்திலேயே வந்து உட்காரும். நானும் பைனாகுலரின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். முக்குளிப்பான் ஒன்று குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியது. "பாத்தியா, வாடகை இல்லாத வீடு. உன்னை மாதிரியே" என்று அத்தான் என் முதுகில் தட்டினார். அதற்காக எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கடலோரம். அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சேற்றில் ஒருவர்தான் இறங்குவார். மற்றவர் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொள்வார். ஏனென்றால் கடல் ஏறும்போது முன்னால் இருந்து வராது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு ஓடை இருக்கிறது. முதலில் அதுதான் நிரம்பும். சேற்றில் நிற்பவருக்கு அது முதுகுப் பக்கம். அவர் கண் பறவைமேல்தான் இருக்கும். கத்தவும் கூடாது, பறவைகள் பறந்துவிடும். அதனால் கைதான். கரையில் இருப்பவர் ஒரு கையைத் தூக்கினால் பயமில்லை, இருக்கலாம். இரண்டு கையையும் தூக்கினால் உடனே திரும்பி வா.

அத்தான் கேமராவோடு இறங்கினார். நான் டெலஸ்கோப்போடு நின்றேன்.

பறவை அங்கேயேதான் இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். கரண்டி தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டேன். பிறகு அது ஒரு பள்ளத்துத் தண்ணீரில் அலகை முக்கி, தலையை உதறியது. கரண்டி விழுந்துவிட்டது. ஊசிபோல ஒரு மூக்கு, அவ்வளவுதான்.

அத்தானும் பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பி, தன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக் காட்டிச் சிரித்தார். கேலியாக இல்லை. அவர் எதற்கும் சிரிக்கிற மனிதர். அவருடைய பற்கள்கூட டெலஸ்கோப்பில் தெரிந்தன. பிறகு உள்ளங்கையை விரித்து, வரட்டுமா என்று கேட்டார்.

ஓடையைப் பார்த்தேன். தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு ஒரு கையைத் தூக்கினேன்.

அவர் நம்பினார். குந்தி உட்கார்ந்து இன்னும் படம் எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அப்போது ஓடை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், இடுப்பளவு இருக்கும், அப்போதுகூட வந்திருக்கலாம். மறுபடியும் ஒரு கையைத் தூக்கினேன். கழிமுகத்தின் எதிர்க்கரையிலிருந்து வலைக்காரர் ஒருவர் இதைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அந்தத் தூரத்திலிருந்து ஒரு கையா இரண்டு கையா என்று சொல்வதற்கு நல்ல கண் வேண்டும். அவர் எங்கள் வகுப்புக்கு வரலாம்.

அத்தான் தானாகத் திரும்பியபோது நேரம் கடந்துவிட்டது. ஓடையில் இறங்கினார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கால் கல்லாகிவிடும். கேமராவை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் எனக்குத் தூக்கிக் காட்டினார். எங்கள் வழக்கத்தில் அதற்குத் திரும்பி வா என்று அர்த்தம். நான் கரையில்தானே இருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் கால் நிற்கவில்லை. இந்த ஓரம் போவதும் அந்த ஓரம் போவதுமாக இருந்தேன். அக்கா அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசியா அந்தப் பறவையையாவது பாத்தாராடா?"

"பாத்தாருக்கா. கரண்டிமூக்குதான்னு அவரே சைகை காட்டினாரு" என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. வகுப்பிலும் அதையே சொன்னேன். இரண்டாவது சாட்சியாக அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

உண்மை இல்லைதான். ஆனால் இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், சார்.