தனுஷ்கோடித் துறையில் நான் கூப்பிடாத பெயர்

கல் விழுகிறது. ஓட்டின் மேல் ஒன்று. கதவில் ஒன்று. பிறகு ஜன்னல் கண்ணாடி. கண்ணாடிக்கு இரண்டு சத்தம். உடையும்போது ஒன்று. தரையில் சிதறும்போது ஒன்று.

ஐம்பத்தெட்டாம் வருஷம், வைகாசி. கொழும்பில் புறக்கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டில் நான் மட்டும். வயிற்றில் நாலு மாசம். என் வீட்டுக்காரர் கடல் தாண்டி ஊருக்குப் போயிருந்தார். உப்பூர்ப் பக்கம் எங்கள் ஊர். அவருடைய அய்யாவுக்குக் கடைசி நேரம் என்று தந்தி வந்திருந்தது.

"பின்வாசல்! பின்வாசல் வழியா வாடி!"

பக்கத்து வீட்டுச் சபுரா அக்கா. கீழக்கரைக்காரர். அவர் புருஷனுக்குப் புறக்கோட்டையில் அரிசிக் கடை; அப்போது அவரும் ஊருக்குப் போயிருந்தார். பின்வேலித் தகரத்தை விலக்கிக்கொண்டு ஓடுகிறேன். சேலை தோளிலிருந்து இடுப்புவரை கிழிகிறது. அக்கா என் பொட்டை எச்சில் தொட்டு அழித்தார். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினார். தன்னுடைய வெள்ளைத் துப்பட்டி ஒன்றை எடுத்துத் தலையோடு கால் போர்த்தினார். கண் மட்டும் வெளியே.

"நீ என் தங்கச்சி. எவன் கேட்டாலும் நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

தமிழர்களைத் தேடி அடித்த கூட்டம், துப்பட்டி போட்ட முஸ்லிம் பெண்களை அன்று விட்டுவிட்டது. சந்து முனையில் கடலை விற்கிறவர் எரிந்துகொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. கடலைச் சட்டிதான் படபடவென்று வெடித்தது. இன்றைக்கும் கடலை வறுக்கிற இடத்தில் நான் நிற்பதில்லை.

ரயில். தலைமன்னார். கப்பல்.

தனுஷ்கோடித் துறை. வெயில் ஏறிவிட்டது. எங்களை இறக்கிவிட்ட கப்பல் உடனே திரும்பிப் போக நிற்கிறது. இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் இடுக்கு வழி. அக்கா முன்னால். நான் பின்னால். சேலை கிழிந்து கிடந்ததால் துப்பட்டியைக் கழற்றவில்லை.

எதிரே அவர் வருகிறார்.

மொட்டைத் தலை. அய்யாவுக்குக் கொள்ளி வைத்திருக்கிறார். கையில் மஞ்சப்பை. கலவரச் செய்தி கேட்டு, என்னைக் கூட்டிவரக் கப்பலேற வந்திருக்கிறார். வெள்ளைத் துப்பட்டிகளைப் பார்த்தார். சட்டென்று ஒதுங்கினார். தலையைக் குனிந்து கடல் பக்கம் திரும்பி நின்றார்.

எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான். துப்பட்டிப் பெண்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மரியாதையாம். நாசமாய்ப் போன மரியாதை! கைநீட்டினால் அவர் முதுகு.

"ஏங்க!" என்றேன். பத்துப் பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. இரைச்சலில் என் குரல் பிடிபட்டிருக்காது; துப்பட்டிப் பெண் யாரையோ கூப்பிடுகிறாள், நாம் திரும்பக் கூடாது என்று நினைத்திருப்பார். அவ்வளவு நல்ல மனுஷன். நல்லவனுக்குத்தானே காலம் இல்லை. வழி விட்டதும் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

"நில்லாதடி, நட!" அக்கா இழுக்கிறார்.

"அக்கா, அவுக! அவுக போறாக!"

"எவுகடி? பேரச் சொல்லு!"

பக்கத்து வீடுதான். ஆனாலும் அக்கா அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் தலை நிமிர்ந்தால்தானே? அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கோ நாக்கு எழவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். பால்குடியிலேயே ஊட்டிய பயம் அது. தலையை வெட்டினாலும் வராது.

துப்பட்டியை உதறிவிட்டு ஓடினேன். ஏறுகிற இடத்தில் போலீஸ்காரர் மறித்தார்.

"யாரும்மா வேணும்? பேரச் சொல்லு, கூப்புட்டு விடுறேன்."

"சாமி பேரு."

"எந்தச் சாமிம்மா?"

"பழனியில இருக்காகளே, அந்தச் சாமி."

எங்கள் ஊரில் புருஷன் பேரை அப்படித்தான் சொல்வோம். கேட்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். போலீஸ்காரரும் நல்லவர்தான். தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏலே முருகா! முருகன் யாருப்பா? பழனி! ஏய் பழனி!"

மேல்தட்டில் இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். அவர் இல்லை. பழனியாண்டவனுக்கு எத்தனை பேர்! "ஆறுமுகம்!" என்றார். "கந்தா!" என்றார். நான் தலையை ஆட்டி ஆட்டி அழுகிறேன். கப்பல் ஊதியது. நீளமாக. வயிறு அதிர்ந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். அப்போதுதான் வந்தது.

"வேலுச்சாமி!"

ஊதல் நிற்கவில்லை. என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். மறுபடி. கப்பல் விலகிய பிறகும் கத்தினேன். பிள்ளை அன்று சாயங்காலம் மண்டபம் ஆஸ்பத்திரியில் கலைந்தது.

அக்காவின் புருஷன் கொழும்புக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார். பதில் இல்லை. ஆவணியில் எங்கள் சந்துக்காரர் ஒருவர் வந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தாராம். உள்ளே தாழ் போட்டிருந்த எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இவர் நின்றாராம்.

"ஓடிருங்க, வாறாங்கன்னு சொன்னேன் தாயி. அவ உள்ளதான் இருப்பா, பயத்துல தொறக்க மாட்டேங்குறான்னு சொன்னாரு."

அதற்குமேல் அந்த மனிதரும் பார்க்கவில்லை. ஓடிவிட்டார். ஓடத்தானே வேண்டும்.

வருஷம் போயிற்று. களை எடுக்கப் போகிறேன். கஞ்சி குடிக்கிறேன். அங்கிருக்கிற நம் ஆட்களைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தம் என்று டீக்கடை ரேடியோ சொல்கிறது. இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு. ஆட்டுச் சந்தை தோற்றது. அந்த லட்சங்களில் என் ஆள் ஒருவர் எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்பேன்?

போன வாரம் வயலில் ஒரு புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "ஏன் மதினி, புருஷன் பேரை இப்படி வாய் நெறையச் சொல்றீக? ஆயுசு கொறையாதா?"

"சொல்லாம வச்சிருந்தனே, கூடுச்சாடி?" என்றேன். அவள் வாயிலிருந்து கையை எடுத்துக் குனிந்தாள். நானும் களைக்குக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. பின்னே வராதா?

இவ்வளவு சாட்சி சொன்னவள், போனவற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீடு ஒன்று, வாடகைக்கு இருந்தது. தையல் மெஷின் ஒன்று. பித்தளைக் குடம் இரண்டு. கடலைக்காரர் ஒருவர், அவர் பேர் எனக்குத் தெரியாது. பேரே வைக்காத பிள்ளை ஒன்று. நான் கத்தி நின்ற துறை, அதைப் புயல் கொண்டுபோயிற்று. ஆள் ஒருவர். வேலுச்சாமி. என்னைத் தேடிப் போனவர்.

நான் இங்கேதான் இருக்கிறேன்.