கேஜ் மேல் சந்தனம்

சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். கெட்டியாகக் குழைத்து அப்பினால் ஒரு வாரம் நிற்கும். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலையில் எப்போதும் நான்தான் சந்தனம் வைப்பேன், சார். அதில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது.

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கிறது ஆலை. காகிதக் கூழுக்காகச் சீமைக்கருவேலஞ் சில்லுகளைப் பெரிய மூடி போட்ட கொப்பரையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி வேகவைப்போம். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்தான். வெந்தபின் நார் தனியாக நிற்கும். மரத்தை இறுக்கிப் பிடித்திருந்த பசை கருஞ்சாறாகப் பிரிந்துவிடும். ஆவியை வெளியே விட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கொப்பரை மூடியைத் திறக்க வேண்டும்.

பாண்டிராஜ் அங்கே பொறுப்பாளராக வந்தான். எம்.எஸ்ஸி. படித்தவன், கெட்டிக்காரன். அவன் அம்மா எங்கள் வயலில் களை பறித்தவள். அதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கிறவன் இல்லை, காலம் மாறிவிட்டது. வந்த அன்றே எழுந்து நின்று, "நீங்க உக்காருங்கண்ணே" என்று தன் நாற்காலியைக் கொடுத்தான். மரியாதைதான். ஆனால் நாற்காலி யாருடையதோ அவன்தானே அதைக் கொடுக்க முடியும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூஜைக்கு நிறுத்தியிருந்த கொப்பரையை விஜயதசமியன்று மறுபடி சூடேற்றினோம். ஆவி போகும் குழாயில் நார் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்வது என் வேலை, செய்யவில்லை. கேஜ் கண்ணாடி முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். சாமிக்கு வைத்ததை அவன் வழிக்க மாட்டான். ஓரத்தில் மட்டும் நூலளவு இடம் விட்டிருந்தேன், குனிந்தால் முள் தெரியும்படி.

"அண்ணே, முள்ளு இறங்கிருச்சா?" என்று கேட்டான்.

குனிந்து பார்த்தேன். இறங்கவில்லை.

"இறங்கிருச்சுப்பா. தொற."

மூடி எகிறியது. கொதிக்கிற அமிலம் அவன் முகத்தில் அடித்தது. உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயும் பக்கத்தில்தான். ஓடினால் வழுக்கும் என்று நடந்துதான் போனேன்.

அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. தண்ணீர் ஊற்றி உயிரைக் காப்பாற்றினேன் என்று அவன் மனைவி தமிழ்வாணி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஊரில் தெய்வக் குத்தம் என்று பேசுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாமி மேல் பழி போடலாமா? செய்தது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பகை என்று மட்டும் எழுதாதீர்கள், சார். தினமும் சாயங்காலம் அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவன் நான்தான். இழுத்த பக்கமெல்லாம் மறுபேச்சில்லாமல் வருகிறான். தங்கமான பிள்ளை.