முழுசாக வந்த கிழங்கு

ஊதா வள்ளிக்கிழங்கைத் தோண்டப் பொறுமை வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் வராது. ஒரு கை நீளத்துக்கு நேராகக் கீழே இறங்கியிருக்கும். பக்கத்தில் குழி வெட்டி, அதற்குள் உட்கார்ந்து, ஒரு கையால் கிழங்கைத் தாங்கியபடி மறு கையால் மண்ணைச் சுரண்ட வேண்டும். பாதியில் கையை விட்டால் தன் பாரத்திலேயே முறிந்துவிடும். அண்ணன் எப்படி இறந்தார் என்ற உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

போன வருடக் கிழங்கை முறித்தது அவர்தான். எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று பார்க்க ஆசையாம். கடப்பாறையை விட்டு நெம்பியிருக்கிறார்.

"ஒரு கிழங்குக்கு ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற? எப்படியும் வெட்டித்தானே திங்கப் போற?" என்று சிரித்தார்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. எட்டு மாதம் அவரிடம் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவராகவே உதவிக்கு வந்தார். சட்டையைக் கழற்றிக் குழாயில் மாட்டிவிட்டு, தோட்டத்துக் கோடியில் காய்ந்த கொடிகளை அறுத்துக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும். மதில் ஓரமாக அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"டேய், நெஞ்சு அடைக்குதுடா. சட்டைப் பையில மாத்திரை இருக்கு, எடுத்துக் குடு."

குழாய் எனக்கு நாலு எட்டில் இருந்தது. இடது கையில் கிழங்கு. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"இருண்ணே, இதோ வந்துட்டேன்."

இரண்டாவது முறை வெறுமனே "தம்பி" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு வெகு நாளாயிற்று. மூன்றாவது முறை என் பெயரைச் சொன்னார், பாதிதான் வந்தது. நான் நுனியைச் சுற்றி விரலால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அவசரப்பட்டால் அத்தனையும் வீண்.

முழுசாக வந்தது. சிறு வேர்கூட அறவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழாயடியில் கழுவிச் சாக்கின்மேல் வைத்தேன். கழுவும்போது அவர் சட்டை என் தோளில் உரசிக்கொண்டே இருந்தது. பிறகுதான் மதில் பக்கம் போனேன்.

கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே தம்பி" என்று அழுதார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் போகவில்லை. ஆனால் நாலாவது முறை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் எழுந்து போயிருப்பேன். அவர்தான் கூப்பிடவில்லை.