ஏழாம் குழியின் கயிறு

கடலோரப் புல்லுக்கு உரம் அதிகம் போடக் கூடாது. போட்டால் கொழுத்து நிற்கும், பந்து ஓடாது. ஸ்கார்நெஸ் கோல்ஃப் மைதானத்துப் புல்லை முப்பத்து நான்கு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர். லாக்லன் விஷயத்துக்கு வருகிறேன்.

லாக்லன் இம்ரியும் நானும் ஒரே தெரு. பள்ளிக்கூடம் விட்டதும் வேலி தாண்டிப் போய், இந்த மைதானத்தில்தான் இருவரும் ஆடிப் பழகினோம். அவன் படித்து நியூசிலாந்து போனான். கடல் கரையை அரிக்காமல் தடுக்கிற பொறியாளர் ஆனான். நான் இங்கே புல் வெட்டப் போனேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து, போன வாரம் திரும்பி வந்தான். ஸ்கார்நெஸ்ஸில் ஒரு தடவையாவது மறுபடி ஆட வேண்டும் என்று வந்தவன். கிளப்காரர்கள் அவனைச் சும்மா விடவில்லை. அப்படியே கடல் அரிக்கிற ஏழாம் குழியையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

"என்னடா டூகல், இன்னும் இதே புல்லைத்தான் செரைச்சுக்கிட்டு இருக்கியா?" என்றான்.

"உன் மண்டையில கொட்டிப்போனதையும் சேத்து இங்கதான் வளக்குறேன்" என்றேன்.

வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தான். பிறகு முதல் குழியருகே நின்று கடலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தான். காற்று என்றான். அன்றைக்குக் காற்றே இல்லை.

ஏழாம் குழிக்கு, கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டில் நின்று பந்தை அடிக்க வேண்டும். அந்த மேட்டை அடியிலிருந்து கடல் தின்றுகொண்டிருக்கிறது. லாக்லன் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, புதன்கிழமை மதியம் கிளப்பில் சூப் குடித்துக்கொண்டே சொன்னான்.

"ஏழாம் குழிய விட்டுடு, டூகல். அடியில மண்ணே இல்ல. அப்படித்தான் எழுதிக் குடுக்கப்போறேன். உள்ள தள்ளிப் புதுசா ஒண்ணு வெட்டிக்கலாம்."

"நூத்தம்பது வருஷமா இருக்குறதுடா அது."

"எனக்கு மட்டும் மனசு வருதா? யாராவது விழுந்து செத்தா மொத்த மைதானத்தையும் மூடிருவாங்க."

அவன் சொன்னது சரிதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த மேடு எவ்வளவு பொக்கு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. விளிம்பிலிருந்து ஏழு அடி தள்ளி, யாரும் தாண்டாதபடி கயிறு கட்டி வைத்ததே நான்தான்.

ஆனால் அவனுக்காக யோசித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போவான். ஏழாம் குழி தன் கையால்தான் போனது என்று அவனுக்குச் சாகிறவரை உறுத்தும். அவ்வளவு பிரியம் வைத்த மனிதனுக்கு அப்படியொரு நிலை வரக் கூடாது.

வியாழக்கிழமை விடிந்ததும் ஏழாம் குழிக்குப் போனேன். கயிறு கட்டியிருந்த ஐந்து முளைகளையும் பிடுங்கி, விளிம்போரமாக அடித்துக் கயிற்றைக் கட்டினேன். எங்கே நின்று அடிக்க வேண்டும் என்று காட்டுகிற இரண்டு கட்டைகளையும் அதையொட்டி வைத்தேன். கட்டைகளை இடம் மாற்றுவது வாரா வாரம் நான் செய்கிற வேலை.

எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆடத் தொடங்கினோம். அவன் நன்றாக ஆடினான். ஏழாம் மேட்டுக்கு வந்ததும் தயங்கினான்.

"கயிறு இன்னும் உள்ள தள்ளி இருந்துச்சே?"

"நேத்து சாயங்காலம் அடியில கல்லு குடுத்து இறுக்கிட்டோம். தாங்கும்."

"நீ சொன்னா சரிதான்" என்றான்.

அடித்தான். அப்படியொரு அடியை நான் பார்த்ததில்லை. பந்து குழிக்கு இரண்டடி தள்ளிப் போய் நின்றது. அதை அவனும் பார்த்தான், அந்த அளவுக்கு நேரம் இருந்தது. பிறகு இரண்டு முளைகளுக்கு நடுவே, அவன் நின்ற இடத்தில் மட்டும் மண் இறங்கியது. ஈர மணலில் மண்வெட்டி இறங்குகிற மாதிரி, பெரிய சத்தமெல்லாம் இல்லை.

நான் அவனைத் தொடவில்லை. பத்தடி தள்ளி நின்றேன்.

நேரே தண்ணீரில் விழுந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். இல்லை, கீழே ஒரு பாறைத் திட்டில் கிடந்தான். கால் மடங்கியிருந்தது. "டூகல், அந்தக் கயித்தப் போடுடா" என்றான். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே தள்ளி, பழைய இடத்திலேயே கட்டினேன். ஐந்து முளை, ஒவ்வொன்றின் தலையிலும் நான்கைந்து தட்டுத் தட்டி இறக்க வேண்டும். கட்டைகளையும் உள்ளே எடுத்து வைத்தேன். கடல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டுக்குத் தண்ணீர் வர முக்கால் மணி நேரம் ஆகும். அதில் அரை மணி நேரத்துக்கு மேல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முதலில் என் பெயரை. பிறகு அவன் அம்மாவை. கடைசியில் யாரையும் இல்லை, வெறும் சத்தம். அது நின்ற பிறகுதான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். கயிற்றைத் தாண்டிப் போய்விட்டான் என்று சொன்னேன். அது மட்டும்தான் உங்களிடம் நான் சொன்ன பொய்.

உங்கள் ஆட்கள் ஏழாம் குழியைச் சுற்றி நாடா கட்டியிருக்கிறார்கள். கட்டட்டும். பூட்ஸ் காலோடு குழிப் பக்கத்துப் புல்லில் நடக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். இந்த மாதம் அது கொஞ்சம் இளகலாக இருக்கும். கெட்டுப்போனால் லாக்லன் ரொம்ப வருத்தப்படுவான்.